கம்பெனித் தாலி

அருப்புக்கோட்டையைச் சுற்றி வாழ்க்கைப்பட்ட பெண்களில் பாதிப் பேருடைய கை, கஸ்தூரியின் கைக்குள் ஒரு தடவையாவது அடங்கியிருக்கும். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில், ஒரு டெய்லர் கடைக்கும் செல்போன் ரிப்பேர் கடைக்கும் நடுவே இருக்கிறது அவளுடைய வளையல் கடை. உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும். போர்டில் இன்னும் 'சுப்புராஜ் வளையல் ஸ்டோர்' என்றே இருக்கிறது. அவள் புருஷன் சுப்புராஜ் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது.

கண்ணாடி வளையல் ஏறும்போது பெண்கள் பயந்து கையை இறுக்கிக்கொள்வார்கள். இறுக்கினால் உடையும், உடைந்தால் கீறும். கஸ்தூரி அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டே ஏதாவது கேட்பாள். "ஒங்க மாமியாருக்கு முழங்கால் வலி தேவலையா?" என்பாள். மாமியார் என்ற பேச்சை எடுத்ததும் எந்த மருமகளுக்கும் வாய் திறந்துகொள்ளும். வாய் திறந்ததும் கை இளகும். அந்த இளக்கத்தில் கட்டைவிரல் அடியை மெதுவாக அமுக்கி ஏற்றிவிடுவாள். மாமியார் கதை முடியும்போது மணிக்கட்டு நிறைய வளையல் கிலுங்கும்.

அவளுடைய சொந்தக் கை மட்டும் வெறுங்கை.

சுப்புராஜ் மொபெட்டில் வளையல் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீரசோழன், நரிக்குடி என்று ஊர் ஊராகச் சுற்றி, அப்புறம்தான் இந்தக் கடையைப் பிடித்தார். ஒரு நாள் கல்லாவில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்தவர் எழவில்லை. காரியத்தன்று அவருடைய அக்கா தங்கச்செல்விதான் கஸ்தூரியின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து வளையல்களை உடைத்தாள். வளையல்காரர் பெண்டாட்டியின் கை ஆயிற்றே, நிறையக் கிடந்தது. உடைக்க நேரம் பிடித்தது. அந்தச் சத்தம் இன்றைக்கும் கஸ்தூரியின் காதை விட்டுப் போகவில்லை.

மறுமாதமே அவள் கடை ஷட்டரைத் தூக்கினாள். ஊர் வாயில் கை வைத்தது.

"தாலியறுத்தவ வளையல் கடையில ஒக்காந்தா எவ வருவா? கடையை வேற யாருக்காவது விட்டுட்டு வீட்டுல கெட," என்றாள் தங்கச்செல்வி.

"வாரவுக வரட்டும் மதினி. வராதவுக வெறுங்கையோட போகட்டும்."

வந்தார்கள். கஸ்தூரியின் கைப்பக்குவம் அவர்களை இழுத்துவந்தது. ஆனால் கல்யாணம், வளைகாப்பு என்று வரும்போது மட்டும், "கட்டிக் குடுத்துருங்கக்கா, வீட்டுல வச்சுப் போட்டுக்கிறோம்" என்பார்கள். அவள் கண்ணைப் பார்க்காமல் சொல்வார்கள். அவளும் பேப்பரில் சுற்றிக் கட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பாள். தான் கட்டிக் கொடுத்த வளையலைத் தானே போடக் கூடாது என்கிற சட்டத்தை எவன் எழுதினான் என்று அவள் யாரிடமும் கேட்டதில்லை. கேட்காதது பயத்தால் அல்ல. கேட்க வேண்டிய நாள் வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரே மகள் கிருஷ்ணப்ரியாவை நரிக்குடியில் உரக்கடை வைத்திருக்கும் ஜெயக்குமாருக்குக் கொடுத்தாள். தாலி கட்டும் நேரத்தில் மண்டபத்துச் சமையல்கட்டில் நின்று, கெட்டிமேளத்தைக் காதால் மட்டும் கேட்டாள். அழவில்லை. அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது கிருஷ்ணப்ரியாவுக்கு ஒன்பதாம் மாதம். வளைகாப்புக்கு நாள் குறித்ததும் மகள் போன் போட்டாள்.

"அம்மா, எனக்கு மொத வளையல் நீதான் போடணும்."

"கிறுக்கி மாதிரிப் பேசாத. அது சுமங்கலிக போடுறது."

"ஊருல உள்ளவளுக்கெல்லாம் போடுறீல்ல? நான் மட்டும் என்ன பாவம் பண்ணுனேன்? நீ போடலன்னா நான் கையையே நீட்ட மாட்டேன், பாத்துக்க."

"வயித்துப் பிள்ளைக்காரி இப்படிப் பிடிவாதம் பிடிக்கக் கூடாதுடி," என்று அதட்டிவிட்டுத்தான் போனை வைத்தாள் கஸ்தூரி. ஆனால் அதற்கப்புறம் வந்த இரண்டு பேருக்கு அளவு மாற்றி வளையலை எடுத்துப் போட்டாள். ஆசை வந்துவிட்டது. ஆறு வருஷமாக மூடி வைத்திருந்த ஆசை. பெற்ற மகளுடைய கை, பிறந்த அன்றைக்குத் தன் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்ற கை, அதில் ஒரே ஒரு வளையல்.

மறுநாளே தங்கச்செல்வி கடை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"சம்பந்தியம்மா முருகேஸ்வரி சொல்லிவிட்டாக. கட்டுச்சோறு, சீரு எல்லாம் கொறையில்லாமக் கொண்டு வந்துரு. சபைக்கு மட்டும் வர வேணாம். மொத வளையல நான் போடுறேன். அத்தைக்காரி நான் கல்லு மாதிரி இருக்கேன்ல."

"நான் ஓரமா நின்னு பாக்கக்கூடவா கூடாது?"

"அடுப்படியில நில்லு. சாமி பாத்துக்கிட்டு இருக்கும், வயித்துல இருக்குற உசுரு பாத்துக்கிட்டு இருக்கும். அதுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, ஒன் மேலதான் வந்து விடியும்."

எந்தத் தாயையும் வாயடைக்கச் செய்கிற வார்த்தை அது.

அந்தச் சமயத்தில்தான் திருச்சுழிப் பக்கம் ஒரு பழைய பெரிய வீட்டில் சீரியல் ஷூட்டிங் நடந்துகொண்டிருந்தது. தினமும் இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு வீடு ஓடுகிற சீரியல். அதில் ராஜமாதங்கி என்று ஒரு மாமியார். கட்டைவிரல் அகலத்துக்குக் குங்குமம், கழுத்துப் புரளுகிற தாலி, வாயைத் திறந்தால் விஷம். மாசமாக இருக்கும் மருமகளை ஒழித்துக்கட்ட அவள் போடாத திட்டமில்லை. அந்த வேஷம் போடுகிற சாருலேகாவுக்கு இந்தச் சீமைப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து விட்ட சாபம் பலித்திருந்தால் அவள் என்றைக்கோ சாம்பலாகியிருப்பாள்.

ஒரு மத்தியானம், பொட்டில்லாத நெற்றியும் பருத்திச் சேலையுமாகக் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் சந்துக்குள் நடந்து வந்து கடையில் ஏறினாள். கையில் உடைந்த பச்சை வளையல் துண்டு ஒன்று.

"இதே மாதிரி கிடைக்குமாங்க? நேத்து எடுத்த சீன்ல இதைப் போட்டிருந்தேன். மருமகளை அறையும்போது உடைஞ்சுபோச்சு. இன்னைக்கும் கையில அதே வளையல் இருக்கணுமாம்."

கொண்டை ஊசி வாங்க வந்து உட்கார்ந்திருந்த பாளையம்பட்டி தங்கமாரி அந்தக் குரலைக் கேட்டதும் விருட்டென்று எழுந்தாள்.

"ஏம்மா! நீ நல்லாருப்பியா? மாசமா இருக்குற பிள்ளைக்குப் பால்ல என்னத்தக் கலந்த?"

கஸ்தூரிக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. பெரிய நடிகை, கோபித்துக்கொண்டு இறங்கிப் போய்விடப்போகிறாள் என்று நினைத்தாள். சாருலேகாவோ கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"கலந்தேம்மா. தப்புத்தான். ஆனா அவ குடிக்கப்போறதில்ல. வியாழக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோங்க. ஒரு பூனை வந்து தட்டிவிட்டுடும்."

"நெசமாவா?"

"சத்தியமா. வெளியில சொல்லிடாதீங்க, என் வேலை போயிடும்."

தங்கமாரி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "அந்தப் பூனை நல்லாருக்கணும்," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, பகை மறந்த குரலில், "அந்தப் பிள்ளைக்கு எத்தன மாசம்?" என்று கேட்டாள்.

"அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகலைம்மா. வயித்துல இருக்கிறது தலகாணி. சாப்பாட்டு நேரத்துல அதையே உருவித் தலைக்கு வச்சுத் தூங்குவா."

கடை அதிரச் சிரித்தார்கள். டெய்லர் தையல் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். சந்து நிறையப் பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தி போட்டோ கேட்டாள், ஒருத்தி ராஜமாதங்கி மாதிரிச் சிரித்துக் காட்டச் சொன்னாள். சாருலேகா முகம் சுளிக்காமல் எல்லாம் செய்தாள். சிரித்துக் காட்டியபோது ஒரு கைக்குழந்தை வீறிட்டது. ஓடிப்போய் அதை வாங்கித் தோளில் போட்டுச் சமாதானப்படுத்தி, அதன் தாயிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் திரும்ப வந்து கையை நீட்டினாள்.

கஸ்தூரி அந்தக் கையைப் பிடித்தாள். நடிகையின் கையும் எல்லோர் கையையும் போலத்தான் இறுகியது.

"சாப்ட்டீகளாம்மா?"

"எங்கங்க, வெயில்ல சோறு இறங்க மாட்டேங்குது. மோராக் குடிச்சுக்கிட்டு..." என்று அவள் தொடங்கியதும் முதல் வளையல் ஏறியது. அப்போதுதான் அவள் கஸ்தூரியின் கையைக் கவனித்தாள்.

"ஊருக்கெல்லாம் போடுறீங்க. உங்க கையில ஒண்ணுகூட இல்லையே?"

"அவுக போயிட்டாகம்மா."

சாருலேகா அடுத்த வளையல் ஏறும்வரை பொறுத்திருந்து, மற்றவர்கள் காதில் விழாதபடி சொன்னாள். "எனக்கும்தாங்க. நாலு வருஷமாச்சு. ஷூட்டிங்குக்குத்தான் இதெல்லாம் போடுறேன். ஆனா பொய் சொல்ல மாட்டேன், போட்டதும் ஒரு நிமிஷம் மனசுக்கு நல்லாத்தான் இருக்கு."

வளையல் பாதிக் கையில் நின்றுவிட்டது. டிவியில் பார்த்துப் பார்த்துத் திட்டிய அந்த முகத்தைக் கஸ்தூரி இப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். கூடப்பிறந்தவர்களிடம்கூடச் சொல்லாததை அவளிடம் சொன்னாள். மகள் கேட்டது, நாத்தனார் சொன்னது, தான் ஆசைப்படுவது. சொல்லி முடித்துவிட்டு, "நரிக்குடிதாம்மா. நீங்க இருக்குற இடத்துல இருந்து பக்கம். வாற ஞாயித்துக்கெழம ஒரு எட்டு வந்து எம்பிள்ளையப் பாத்துட்டுப் போகக் கூடாதா?" என்றாள். கேட்டபிறகுதான் தன் துணிச்சல் அவளுக்கே உறைத்தது.

"வர்றேன்னு சத்தியம் பண்ண மாட்டேங்க. ஷூட்டிங் நேரம் என் கையில இல்ல. ஆனா விட்டாங்கன்னா கண்டிப்பா வருவேன்," என்றாள் சாருலேகா. போகும்போது தங்கமாரியிடம், "பூனை ஞாபகம் இருக்கட்டும்" என்று விரலை வாயில் வைத்துக் காட்டிவிட்டுப் போனாள்.

தங்கச்செல்வி காதுக்குச் செய்தி போகாமல் இருக்குமா? "நடிகை வாராளாம்ல வளைகாப்புக்கு! கடையில வாங்குன நாலு வளையலுக்கு நாக்குல தேனத் தடவிட்டுப் போயிருக்கா, இவ அதயும் நம்பிக்கிட்டு இருக்கா," என்று உறவு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நரிக்குடியில் ஜெயக்குமார் வீட்டு வாசலில் பந்தல். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, சர்க்கரைப் பொங்கல் என்று அண்டா அண்டாவாகக் கஸ்தூரி வேனில் கொண்டுவந்து இறக்கினாள். தன் கடையிலேயே நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிய சிவப்பும் பச்சையுமான வளையல்களைப் பெட்டியோடு தாம்பாளத்தில் வைத்தாள். வைத்துவிட்டு, சொன்னபடி அடுப்படிக்குள் போனாள்.

கிருஷ்ணப்ரியா பட்டுச் சேலையில், கன்னத்தில் சந்தனத்தோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தங்கச்செல்வி வேப்பங்குச்சியை வளைத்துக் கட்டிய காப்பை எடுத்தாள். வேப்பங்காப்பு முதலில், கண்ணாடி வளையல் பிறகு, அதுதான் வழக்கம்.

"கைய நீட்டுத்தா."

கிருஷ்ணப்ரியா இரண்டு கையையும் மடக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். "எங்கம்மா வரட்டும்."

பந்தலில் சலசலப்பு. மாமியார் முருகேஸ்வரியின் முகம் சுருங்கியது. ஜெயக்குமார் அம்மாவையும் பெண்டாட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தான்.

"கிருஷ்ணா! பெரியவுக சொன்னாக் கேக்கணும். கைய நீட்டு," என்று அடுப்படி வாசலில் இருந்து குரல் கொடுத்தாள் கஸ்தூரி. எப்படிக் கொடுத்தாளோ, அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும். மகள் கண்ணீரோடு தாயைப் பார்த்தாள். கை வெளியே வரவில்லை.

அந்த நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது.

இறங்கியவளைப் பார்த்துப் பந்தலே எழுந்துவிட்டது. அரக்குப் பட்டு, தலைநிறைய மல்லிகை, கட்டைவிரல் அகலக் குங்குமம், மார்பில் புரளும் தாலி. சாட்சாத் ராஜமாதங்கி! பின்வரிசையில் யாரோ ஒருத்தி பால் சொம்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"மன்னிச்சுக்கோங்க, மேக்கப்பைக் கலைச்சா மறுபடி போட நேரமாயிடும். பிரேக்குல அப்படியே ஓடி வந்துட்டேன்," என்று சிரித்தாள் சாருலேகா. கிருஷ்ணப்ரியாவின் அழுத முகத்தைப் பார்த்து, "என்னைப் பார்த்துப் பயந்துட்டியா கண்ணு? நான் ரொம்ப சாது," என்று அவள் தலையை வருடினாள். நாற்காலி போட்டதை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பாயில் பெண்களோடு உட்கார்ந்தாள். ஒவ்வொருத்தியும் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள். "கஸ்தூரியம்மா எங்கே?" என்று ஒருமுறை கேட்டாள். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

தங்கச்செல்விக்கு வந்த சுறுசுறுப்பைப் பார்க்க வேண்டுமே! நாக்கில் தேன் தடவினாள் என்று சொன்ன அதே வாய்.

"மகராசி மஞ்சக் குங்குமத்தோட எங்க வீட்டுப் படி ஏறியிருக்கீக! நீங்களே மொதக் காப்பப் போட்டுவிடுங்கம்மா. ஏப்பா ஜெயக்குமாரு, போட்டோக்காரரை முன்னால வரச் சொல்லு!"

"ஆமாம்மா, ஒங்க கையால போட்டா எங்களுக்குப் பெருமை," என்றாள் முருகேஸ்வரி. சுருங்கிய முகம் மலர்ந்திருந்தது.

அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு கஸ்தூரி நின்றாள். தொண்டைக்குழியில் ஒரு வாக்கியம் வந்து முட்டிக்கொண்டிருந்தது. 'அவுகளும் என்னை மாதிரித்தான்.' அதைச் சொன்னால் போதும், தங்கச்செல்வியின் கொட்டம் அடங்கிவிடும். ஆனால் தன் பேச்சை நம்பி, வேலைக்கு நடுவே ஓடி வந்த மனுஷி. தன்னிடம் ரகசியமாகச் சொன்ன துக்கத்தை எடுத்து, இத்தனை பேர் நடுவில் அவள் முகத்தில் எறிவதா? அப்படி ஒரு வழியில்தான் மகள் கையைப் பிடிக்க முடியும் என்றால் அது வேண்டாம். கஸ்தூரி உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே திரும்பினாள்.

சாருலேகாவின் கையில் வேப்பங்காப்பைத் திணித்திருந்தாள் தங்கச்செல்வி. சாருலேகா அதைத் திரும்பத் தாம்பாளத்தில் வைத்தாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. இது கம்பெனித் தாலி. சாயங்காலம் கழட்டிக் குடுத்துட்டுத்தான் ரூமுக்குப் போவேன். என் வீட்டுக்காரர் தவறி நாலு வருஷமாச்சு. உங்க வழக்கம் எனக்குத் தெரியாது. அதான் முன்னாடியே சொல்லிடுறேன்."

தங்கச்செல்வி ஒரு கணம் தடுமாறினாள். போட்டோக்காரரைப் பார்த்தாள். செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்த உறவுக்காரிகளைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அட, அதனால என்னம்மா! ஒங்கள மாதிரி ஆளுகளுக்கு அதெல்லாம் கெடையாது. கம்பெனியோ என்னமோ, கழுத்துல கெடக்குல்ல? போட்டோவுல நல்லாத் தெரியும். யாரு வந்து கேக்கப்போறா? நீங்க போடுங்க."

அடுப்படிக்குள் கஸ்தூரியின் கையிலிருந்த கரண்டி அண்டாவுக்குள் விழுந்தது.

அவள் வெளியே வந்தாள். ஓடிவரவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கடையைத் திறக்கப் போகிறவள் மாதிரி நிதானமாக நடந்து, பந்தல் நடுவில் வந்து நின்றாள்.

"மதினி, இப்ப சொன்னீகளே, அத இன்னொருக்காச் சொல்லுங்க."

"கஸ்தூரி, உள்ள போ. விருந்தாளி வந்திருக்காக."

"அவுகள விருந்தாளியா அழைச்சதே நான்தான். சாமி பாக்கும், வயித்து உசுரு பாக்கும்னு என் கடை வாசல்ல வந்து சொன்னீகள்ல? இப்ப சாமி பாக்க வேணாமா? போட்டோ பாத்தாப் போதுமா?"

"அவுகளும் நீயும் ஒண்ணா?"

"ஒண்ணுதான். அவுகளும் புருஷனப் பறிகுடுத்தவுக, நானும் பறிகுடுத்தவ. அவுகள நான் கொறை சொல்லல. பொய் சொல்லாம நின்னாக பாருங்க, அவுக மனசு யாருக்கு வரும்? கழுத்துல கவரிங்கா ஒண்ணு கெடந்தாத் தோஷம் போயிரும்னா அத மொதல்லயே சொல்லியிருக்கலாமே மதினி! என் கடையில சரஞ்சரமாத் தொங்குது. ஒண்ண எடுத்து மாட்டிட்டு வந்திருப்பேனே!"

யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். தங்கச்செல்விக்கு முகம் சிவந்தது.

"சபையில வாய நீட்டாத. எந்தம்பி இருந்தா..."

"இருந்தா அவரே வந்து என் கையப் பிடிச்சு முன்னால நிப்பாட்டியிருப்பாரு. அவரு இல்லாத தைரியத்துலதான நீங்க இந்தப் பேச்சுப் பேசுறீக?"

நாற்காலிக்கு முன்னால் நின்றிருந்த சாருலேகா நகர்ந்து வழிவிட்டாள். தாம்பாளத்தைத் தானே தூக்கிக்கொண்டு கஸ்தூரியின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள், கடையில் எடுத்துக் கொடுக்கிற பெண்ணைப்போல.

கிருஷ்ணப்ரியாவின் இரண்டு கையும் முந்தானைக்குள்ளிருந்து வெளியே வந்து நீண்டன.

கஸ்தூரி வேப்பங்காப்பைப் போட்டாள். பிறகு சிவப்புக் கண்ணாடி வளையலை எடுத்தாள். ஊர்ப்பட்ட பெண்களுக்குப் போட்ட கை, இன்றைக்குப் பார்த்து அளவு பார்க்க மறந்தது. மகளின் கை நிறைமாசத்தில் நீர்கோத்து வீங்கியிருந்தது. அமுக்கினாள். படக்கென்று ஒரு சத்தம். வளையல் இரண்டாக உடைந்து பாயில் விழுந்தது.

"ஐயோ!" என்று பந்தலே அலறியது.

"பாத்தீகளா! எல்லாரும் பாத்தீகளா! மொத வளையலே ஒடஞ்சிருச்சு! நான் சொன்னேன், கேட்டீகளா?" தங்கச்செல்வி கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கத்தினாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் கேட்ட சத்தமல்லவா அது? கஸ்தூரி மகளைப் பார்த்தாள். கிருஷ்ணப்ரியா கையை இழுத்துக்கொள்ளவில்லை. நீட்டியபடியே இருந்தாள்.

"ஒடஞ்சது கண்ணாடி," என்றாள் கஸ்தூரி. கடைசி வரிசைக்கும் கேட்கும்படி மறுபடி சொன்னாள். "கண்ணாடின்னா ஒடையும். அது என்ன, எம்பிள்ள உசுரா? சைசு பத்தல, அம்புட்டுத்தான். அதுக்கும் பெரிய சைசு அதே பெட்டியில இருக்கு. எடுங்கம்மா."

சாருலேகா எடுத்துக் கொடுத்தாள்.

முருகேஸ்வரி எழுந்து வந்தாள். இனி என்ன ஆகப்போகிறதோ என்று எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அவள் வீட்டு வாரிசு, அவள் வீட்டுப் பந்தல். தடுக்கிற உரிமை அவளுக்குத்தான் உண்டு. குனிந்து மருமகளின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீறலில்லை, ரத்தமில்லை. நாற்காலியின் காலடியில் கிடந்த துண்டுகளைப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டாள்.

"பிள்ள காலுல குத்திரும்," என்று பொதுவாகச் சொன்னாள். பிறகு கஸ்தூரியைப் பார்க்காமலே, "அடுத்தத மெதுவாப் போடுங்க சம்பந்தி," என்றாள்.

அடுத்தது ஏறியது. அதற்கடுத்ததும் ஏறியது. சிவப்பும் பச்சையும் மாற்றி மாற்றி, மகளுடைய முன்னங்கை நிறையும்வரை கஸ்தூரி நிறுத்தவில்லை. கண்ணீர் மூக்கு நுனி வரைக்கும் வந்து சொட்டியது. துடைக்கக் கை ஒழியவில்லை.

தங்கச்செல்வி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அவளோடு வந்த இரண்டு மூன்று பேரும் சாப்பிடாமல் எழுந்துகொண்டார்கள். வாசல் வரைக்கும் போனவள் திரும்பி நின்று விரலை நீட்டினாள்.

"நாளைக்குப் பெறப்போறவளுக்கு ஏதாவது ஒண்ணு ஆகட்டும், அப்ப கேக்குறேன் ஒன்னைய!"

பந்தல் முழுவதும் கஸ்தூரியின் பக்கம் திரும்பியது.

"நல்லாக் கேளுங்க மதினி," என்றாள் அவள். "நல்லபடியாப் பொறந்தா நீங்க வந்து 'ஒன் கை ராசி'ன்னு சொல்லப்போறதில்ல. அப்புறம் கெட்டதுக்கு மட்டும் நான் ஏன் பொறுப்பு? இந்தக் கைக்கு ராசியும் கெடையாது, தோஷமும் கெடையாது. இது பெத்தவ கை. கேக்குறதுன்னா கடைக்கு வாங்க. ஒம்பது மணிக்குத் தொறந்துருவேன். இனிமே வாசல்ல நின்னு பேசாதீக, உள்ள வந்து ஒக்காந்து பேசுங்க."

தங்கச்செல்வி போய்விட்டாள்.

கிருஷ்ணப்ரியா வளையல் நிறைந்த கையைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தாள். வயிற்றுக்குள் இருந்ததற்குச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். "அம்மா, உதைக்குது!" என்றாள்.

"நானும் ஒண்ணு போடலாமா?" என்று கேட்டாள் சாருலேகா.

"எங்கிட்ட என்னம்மா கேள்வி? போடுங்க," என்று நகர்ந்து இடம் கொடுத்தாள் கஸ்தூரி. பெரிய குங்குமமும் கம்பெனித் தாலியுமாக அந்த ராஜமாதங்கி ஒரு பச்சை வளையலை எடுத்துக் கிருஷ்ணப்ரியாவின் கையில் போட்டு, இரண்டு கையாலும் அவள் முகத்தை வழித்து நெற்றிப்பொட்டில் சொடுக்கினாள். போட்டோக்காரருக்கு அப்போதுதான் தன் கையில் கேமரா இருப்பது ஞாபகம் வந்தது.

கஸ்தூரி தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு பந்தலைச் சுற்றிப் பார்த்தாள். முன்வரிசையில் பூவும் பொட்டுமாகப் பெண்கள். பந்தலுக்கு வெளியே சுவரோரம், எப்போதும்போல, வெறுங்கழுத்தோடு நிற்கிறவர்கள். யாருடைய வீட்டு விசேஷத்திலும் அவர்கள் அந்தச் சுவரை விட்டு நகர்ந்ததில்லை.

"அடுத்து யாரு வாரீக?" என்றாள் கஸ்தூரி. அவள் முகம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

யாரும் அசையவில்லை. அவளும் தாம்பாளத்தைக் கீழே வைக்கவில்லை.